இன்னும் கொஞ்சம் கனம்

வழிகாட்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இனி பையில் கை வைக்க முடியாது.

அவள் அடுப்படி வாசலில் நின்று பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அது பசித்த வயிறு மாதிரி ஒட்டிப்போய்ச் சாய்ந்திருந்தது.

போன மாதம் புடைத்துக்கொண்டு நின்ற பை. கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, போர்வை, டார்ச், தண்ணீர் பாட்டில்கள், மாத்திரை டப்பா என்று எல்லாம் அவரே பார்த்துப் பார்த்துத் திணித்தது.

இமயமலைக்கு.

ஆயுசு பூராவும் கிடங்கில் மூட்டை தூக்கிய மனுஷன். தூசி நெஞ்சை அடைத்து வேலையை விட்ட பிறகு இப்படி ஓர் ஆசை. பனியாம், பாதையாம், கூட்டிப் போக ஆளாம். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொண்டால்தானே.

பெரிய சாமான்களைக் கோவேறு கழுதை சுமக்கும்; முதுகுப் பையை மட்டும் அவரவரேதான் சுமக்க வேண்டும். வழிகாட்டி ஃபோனில் கறாராகச் சொல்லியிருந்தான். கிளம்பும் முன்னால் வீட்டுக்கே வந்து பார்ப்பானாம். பையைச் சுமக்க முடியாதவருக்கு மலை கிடையாதாம்.

"மூட்டை தூக்க எனக்கே பாடமா?" என்று சிரித்தார் அவர். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

வீடு மேல் மாடியில். தினமும் சாயங்காலம் பையோடு தெருவரை இறங்குவார். ஏறி வரும்போது பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

நடுமாடித் தையல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "என்னண்ணே, பனி தெரியுதா? இல்ல, இன்னும் என் வீட்டு வாசல்தானா?"

அவள் இறங்கிப் போய்ப் பையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். அவர் பின்னாலேயே மெல்ல வருவார். வீட்டுக்குள் அவள் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது, ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இன்னும் கொஞ்சம் கனம்."

அந்தச் சொல் அவள் மனசைவிட்டுப் போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் போர்வையை உருவி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். குளிருமே என்று ஒரு மனசு. மாடிப்படியே ஏறாத மனுஷன் மலைக்கு எங்கே போகப் போகிறார் என்று இன்னொரு மனசு.

அன்றைக்கும் பாதிப் படிதான். அன்றைக்கும் அதே சொல்தான்.

பெரிய டார்ச் போனது. ஒரு பாட்டில் போனது. இருக்கட்டுமே என்று வைத்த இரண்டாவது கம்பளிச் சட்டை போனது. பை வற்றிக்கொண்டே வந்தது. அவர் ஏறுகிற படி மட்டும் கூடவே இல்லை.

அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. சொந்தச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இந்த மனுஷனுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது, என்று தேற்றிக்கொண்டாள். போகிற நாளுக்குத் தன் தங்கச்சியை வேறு வரச்சொல்லியிருந்தார், வீட்டில் தனியாக இருக்கக் கூடாதென்று. தன்மேல் அவ்வளவு கரிசனமா என்று நினைத்துக்கொண்டாள்.

மலைக்குப் போகிறாரோ இல்லையோ, மகன் வயசுப் பையன் ஒருத்தன் முன்னால் இவர் ஒரு துணிப்பையிடம் தோற்று நிற்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கிடங்கில் இவர் மூட்டையோடு வந்தால் முதலாளியே ஒதுங்கி வழிவிடுவார்.

வழிகாட்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான். பையை இழுத்து ஒரு விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தான்.

அவள் வாசலிலிருந்து அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சொல்லிவிடாதே தம்பி என்று வாய் திறக்காமல் கெஞ்சினாள்.

அவன் புரியாமல் விழித்தான்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். வந்தவர் பையைத் தூக்கவில்லை. விரல் முட்டியால் அதன் விலாவில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

மூட்டையைத் தட்டியே உள்ளே என்ன, எவ்வளவு என்று சொல்கிற கை அது. ஒரு படி தானியம் குறைந்தாலும் ஒதுக்கி வைத்துவிடும். அந்தக் கைக்குத் தெரியாமலா ஒரு போர்வை போயிருக்கும்?

"எது வேணும், எது வேணாம்னு அவளே பார்த்துக் கழிச்சது தம்பி," என்றார். "நேத்து மேல வரைக்கும் மூச்சு வாங்காமத்தான் வந்தா. இதுக்கு மேல ஒண்ணும் ஏத்த வேணாம்."

வழிகாட்டி பையை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படி வாசலுக்கு வந்தான். தோள் வாரை விரித்துப் பிடித்தான்.

"திரும்புங்கக்கா. உங்க தோளுக்கு இறுக்கிப் பார்த்துடலாம்."

"எனக்கா?"

"உங்க பேரை மட்டுந்தானே அண்ணன் முதல்லயே குடுத்தாரு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வழிகாட்டியைப் பார்த்தார்.

"வாரை எங்க பிடிக்கணும்னு சரியா காட்டு தம்பி," என்றார். "அவ மூட்டை தூக்கிப் பழகாதவ."