கீழே பார்க்கும் மீன்

"இந்தக் கண்ணைக் கெடுத்தது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் கியுன் ஃபா, சட்டைப் பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து உடைத்தபடி.

தோல் தரையில் விழுந்தது. கியுன் ஃபாவைத் தேட வேண்டியதில்லை, கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டே போனால் ஆள் கிடைத்துவிடுவார் என்று பொந்தியானாக் நகரத்துக் காப்பிக்கடைகளில் கேலி பேசுவார்கள்.

மனைவி மொய் சின் விளக்குமாற்றை எடுத்தாள். கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டியில், முழங்கை நீளத்தைத் தாண்டி வளர்ந்த அதிர்ஷ்டம் தரும் என்று வளர்க்கிற சிவப்பு அரோவானா மீன் மிதந்தது. அதன் இடது கண் தரையைப் பார்த்துச் சரிந்திருந்தது. சீனப் புத்தாண்டு நெருங்குகிறது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே மீனைத்தான்.

அது மகள் லின்னுடைய மீன். விரல் நீளத்தில் வாங்கி வந்து அவள் வளர்த்தது. போன வருடம், அப்பாவைக் கேட்காமல், ஆற்றின் மேல்பக்கத்து ஊரான சிந்தாங்கிலிருந்து வந்த படகோட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றே கியுன் ஃபா தொட்டிக்குப் பின்னால் இருந்த அவள் அறையைப் பூட்டினார். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, அவள் பெயரையும் எடுக்கக்கூடாது என்றார். அதுவரை கணவரை "லின் அப்பா" என்றே கூப்பிட்டுப் பழகிய மொய் சின்னுக்கு, அதன்பிறகு எப்படிக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை. "இந்தாங்க" என்று சமாளித்து வந்தாள்.

மீன்களுக்குக் கண் சரிசெய்கிற அஹோங் கத்தியும் மயக்க மருந்துமாக வந்திருந்தார். ஆனால் அவருக்குக் கத்தியைவிட விளக்கம் சொல்வதில்தான் ஆசை அதிகம்.

"அண்ணி, இதோட வாயைப் பாருங்க, மேல்பக்கமா பிளந்திருக்கு. ஆத்துல இது மேல்மட்டத்துல வேட்டையாடுற மீன். கிளையிலேர்ந்து விழுற பூச்சி, பல்லி, தவளை, எல்லாம் மேலேர்ந்துதான் வரும். கீழே பார்க்கிற வேலையே இதுக்கு இல்ல. வீட்டுத் தொட்டியில கீழே ஏதாச்சும் அசைஞ்சா அதையே பார்க்கும். பார்த்துப் பார்த்து, கண்ணுக்குப் பின்னால கொழுப்பு கட்டி, கண்ணு அப்படியே சரிஞ்சு நின்னுடும்."

மூழ்குகிற இறாலை இவள் போட்டிருப்பாள் என்றார் கியுன் ஃபா. தான் காலையில் காப்பிக்கடைக்குப் போய்விடுவதாகவும், மதியம் தூங்கிவிடுவதாகவும், மீனோடு இருப்பது இவள் ஒருத்திதான் என்றும் அடுக்கினார்.

மிதக்கிற பாச்சைப் பூச்சியைத் தவிர எதையும் போட்டதில்லை என்றாள் மொய் சின். மீன் மேலே பார்க்கட்டும் என்று லின் மிதக்கவிட்ட பிங்பாங் பந்துகூட இன்னும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்போ இரை இல்ல, ஆளுதான்" என்றார் அஹோங். "இது குழாய்த் தண்ணி வர்ற பக்கமா மூஞ்சியை வெச்சு எதிர்த்துக்கிட்டு நிக்குது. ஆத்துப் பழக்கம். அதனால இடது கண்ணுக்கு எப்பவும் இந்தக் கூடம்தான் தெரியும். வீட்டு ஆளு தரையில உக்காந்தா, இரை கிடைக்குமோன்னு அவங்களையே பார்த்துக்கிட்டு நிக்கும். இங்க தரையில யாரு உக்காருறா?"

மொய் சின்னுடைய பழைய போன், மின்சாரத்தில் செருகியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். செருகுமிடமோ தொட்டிக்கு அடியில் இருந்தது. கணவர் காப்பிக்கடைக்குக் கிளம்பியதும் அங்கே தரையில் உட்கார்ந்து, போனில் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். போன வாரம், புத்தாண்டுக்கு முதல்நாள் சாப்பாட்டுக்கு வரலாமா என்று லின் கேட்டிருந்தாள். அதை இவரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மகள் இல்லாத இன்னொரு புத்தாண்டை நினைக்கவும் முடியவில்லை.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"நான்தான்" என்றாள். "தினமும் லின்கூடப் பேசுறேன். கண்ணு என்னாலதான் கெட்டுச்சு. திட்டணும்னா திட்டிக்குங்க."

கடலை உடைக்கும் சத்தம் நின்றது. கியுன் ஃபா அவளைப் பார்க்கவில்லை.

அந்தச் சங்கடத்தைக் கலைக்க, அஹோங் தொட்டியின் மறுகோடியில் ஒரு பாச்சையைப் போட்டார். மீன் சட்டென்று திரும்பிப் பாய்ந்தது. அதுவரை மறைந்திருந்த வலது கண் கூடத்துப் பக்கம் வந்தது.

"அட, இது அதைவிட மோசமால்ல சரிஞ்சிருக்கு" என்றார் அஹோங். "அண்ணே, அந்தப் பக்கம் யாரு உக்காருறா?"

"அந்தப் பக்கம் யாரு போறா?" என்றார் கியுன் ஃபா அவசரமாக. "கதவுதான் பூட்டிக் கிடக்குதே. நீ கண்ணை அறுக்கிற வேலையைப் பாருய்யா."

மொய் சின் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு வருடமாக அவள் கால் வைக்காத இடம். லின்னின் பூட்டிய கதவுக்கு முன்னால், ஒரு ஆள் முதுகைச் சாய்த்து உட்காரக்கூடிய அளவு இடத்தைச் சுற்றி, முறத்தால் அள்ளுமளவுக்குக் கடலைத் தோல் குவிந்து கிடந்தது.

அவள் அதைப் பெருக்கவில்லை.

"லின் அப்பா" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் அப்பால் அவர் தலை நிமிர்ந்தது. "நம்ம பொண்ணு வரலாமான்னு கேக்குறா."

கியுன் ஃபா சட்டைப் பைக்குள் துழாவினார். கடலை தீர்ந்துபோயிருந்தது.

"வரச் சொல்லு" என்றார். "மீனு பாவம்."