சிரப் பெட்டியின் கோடுகள்

அக்காவின் உதட்டிலிருந்து சொட்டிய ரத்தம் மருந்துப் பெட்டியின் கருப்புக் கோடுகளை நனைத்தது. "பார்கோடு ஒழுங்காப் போடத் தெரியாதவளுக்கு அச்சகம் ஒரு கேடா?" மொட்டைத் தலையன் மறுபடியும் அறைந்தான்.

"அசல் பெட்டியைக் காட்டினா கடை மிஷின் பீப்புங்குது. நீ அடிச்ச பெட்டிக்கு ஊமையாட்டம் நிக்குது!"

"நீ குடுத்த காப்பியில கோடெல்லாம் தடிச்சுக் கிடந்தது. மிஷின் எப்படிப் படிக்கும்? புதுசாத்தான் வரையணும்" என்றாள். "கம்பெனி ஆளுன்னு நம்பி ஒருதரம் அடிச்சுட்டேன். உன் வேன்ல இருக்கிறது சாயத்தண்ணி. இனி வரைய மாட்டேன்."

கூட வந்த தடியன், பேப்பர் வெட்டும் மிஷினுக்குக் கீழே தம்பியின் கையைத் திணித்தான்.

"போடாதேக்கா! காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைங்க குடிக்கும். விரல்தானே, போய்த் தொலையட்டும்!"

கத்தி இறங்கியது. சுண்டுவிரல் நுனி தரையில் விழுந்தது. தம்பி அலறினான்.

"நிறுத்துங்கடா பாவிங்களா! போட்டுத் தர்றேன்!"

பாவம், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பழைய ஆர்டர் ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே வேலையைத் தொடங்கினாள். கோடுகளின் இரு பக்கமும் வெள்ளை இடம் விட்டாள். கீழே வரும் எண்களை அசலைப் பார்த்துத் தனியாக அடித்தாள்.

முதல் பெட்டி அச்சாகி வந்ததும் மொட்டை அதைப் பிடுங்கினான். எண்களை விரல் வைத்து அசலோடு ஒப்பிட்டான், ஒன்றும் பிசகவில்லை. இடுப்பிலிருந்த திரையில்லாத ஸ்கேனரை எடுத்து நீட்டினான்.

பீப்!

"ரெண்டு போட்டாத்தான் தொழில் ஞாபகம் வருது மகாராணிக்கு!"

மீதியும் அச்சானதும் பெட்டிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, இருவரின் போனையும் மிதித்து நொறுக்கிவிட்டு வேனைக் கிளப்பினார்கள்.

அவள் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். தம்பி அவளை எட்டி உதைத்தான்.

"தொடாதே! என் ஒரு விரலுக்காக ஊர்ப் பிள்ளைங்களைக் காவு குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" முகத்தில் காறித் துப்பினான்.

அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அவன் கையை இழுத்துப் பிடித்து, ரத்தம் நிற்கும்படி இறுக்கிக் கட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கோடு பழைய ஆர்டரோடது. கடை மிஷின்ல காட்டினா, திரையில 'எலி விஷம்'னு வரும்டா!"