கம்பளி போட்ட பெட்டி

வண்டிப்பெரியார் மலைச்சரிவில் மழை விட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பாஸ்கலின் பழைய மாருதி கார் டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதற்குள் அவன் ஒரு வாரமாக அறுத்து ஒட்டிய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பலகையெல்லாம் பழைய தேயிலைப் பெட்டிகளுடையது. பசையின் நெடியையும் மீறித் தேயிலை மணக்கிறது. மூட்டுகளில் மரத்தூளைப் பசையோடு குழைத்து அப்பியிருக்கிறான். முழக்கம் கனமாக வர உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமாம். கடையில் வாங்க மனசில்லாமல், கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ள மனைவி பிலோமிக்கு எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியை, கேட்காமலே உள்ளே திணித்து மூடிவிட்டான். “ஒரு எடத்துல காத்து ஒழுகுனாலும் பெட்டிய ஒடச்சு எங் கம்பிளிய எடுத்துக் குடுத்துரணும்” என்கிறாள் பிலோமி. “சரி, நீயே பாத்துக்க” என்று பாஸ்கல் பாட்டைப் போடுகிறான். மாதா சிலை இருக்கும் கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியைக் கொளுத்தி, அவள் மூட்டுகளின் ஓரமாக மெல்ல நகர்த்துகிறாள். காற்று கசிந்தால் சுடர் காட்டிக்கொடுத்துவிடும். தகரக் கூரை அதிர்ந்து, தங்கியிருந்த மழைத்துளிகள் உதிர்கின்றன. ஆடு, ஆடு என்று சுடரை முறைத்துக்கொண்டே மூலை மூலையாகப் போகிறாள். பின்மூலையில் கொஞ்சம் அதிக நேரமே நிற்கிறாள். சுடர் அசையாமல் நிமிர்ந்து நிற்கிறது. பாஸ்கல் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்வை போகும் இடத்தைப் பிலோமியும் பார்க்கிறாள். ஈர மண்ணில் அவளுடைய கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.