முந்நூறாவது ஆள்

ஊரின் மக்கள்தொகை முந்நூறுக்குக் குறைந்தால் பிரசவ விடுதியை மூடிவிடுவார்கள். இப்போதே டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறார். அருள்செல்விக்கு வலி வந்தது வியாழக்கிழமை. அவளும் பிறந்த பெண்ணும் அன்றே போய்விட்டார்கள். ஊரில் மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

எட்டாம் நாள் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வெளியூர் டீச்சர் ஒருவர் வந்தார். அதற்கு முன்பே பஞ்சாயத்துத் தலைவர் வந்து, அருள்செல்வி படத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவை இன்னும் பதியல தம்பி. செல்வி இருக்கான்னு சொல்லிடு. அந்த ஒரு நாள் டாக்டராவது நமக்கு மிஞ்சட்டும்."

அருள்செல்வியின் கணவன் இளம்பரிதி தலையாட்டினான்.

"வீட்டுல எத்தனை பேரு சார்?" என்றார் டீச்சர்.

"மூணு."

தலைவர் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார்.

"நீங்க, உங்க மனைவி, அப்புறம்?"

"பொண்ணு. பொறந்து எட்டு நாளாச்சு."

"அடடே, சந்தோஷம். பேரு?"

பெயரை அருள்செல்விதான் தேர்ந்து வைத்திருந்தாள். குழந்தையின் காதில் சொல்லும்போதுதான் உனக்கும் தெரியும் என்று சொல்லி, அவனிடமும் மறைத்துவிட்டாள்.

"அவளுக்குத்தான் தெரியும்."

"கூப்பிடுங்க, கேட்டுக்கலாம்."

இளம்பரிதி உள்ளறைப் பக்கம் திரும்பி, "செல்வி" என்று கூப்பிட்டான்.