மயிரிழைத் தடிப்பு

இந்தோனேசியாவின் மக்காசார் நகரில் நடந்த டேபிள் டென்னிஸ் இறுதியாட்டத்தில் தென்ரி வென்றாள். மாகாண அணியில் இடம் கிடைத்த மாதிரிதான். அப்போதுதான் நடுவர் பாசோ அவள் மட்டையை வாங்கி அளந்தார்.

“ரப்பர் மயிரிழை தடிப்பா இருக்கு. நீ ஜெயிச்சது செல்லாது.”

“பாக் பாசோ, இதுக்குப் போய் அணியிலேருந்தே தூக்குவீங்களா?”

“சர்வதேச விதிம்மா. அளவுன்னா அளவுதான்.”

தென்ரி ஆட்ட மேசையைத் தட்டிக் காட்டினாள்.

“அப்ப இந்த மேசையையும் அளங்க. முதல் ஆட்டத்திலேருந்து எல்லாரும் குனிஞ்சே ஆடுறோம், முதுகு உடையுது.”

பாசோ சிரித்தார்.

“அதை அளக்கவே வேணாம். அரைச் சாண் குறைச்சல். நான்தான் பக்கத்துல நின்னு மேசைக் காலையெல்லாம் அறுக்க வெச்சேன். திறப்பு விழாவுல நம்ம சங்கத் தலைவர் முதல் பந்து அடிச்சாரே, ஃபோட்டோவுல அவர் குள்ளமாத் தெரியலாமா?”