ஏழாவது வெட்டு

“கண்ணை மூடிக்கிட்டுத் துப்பாக்கி வாங்கறவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். இது என்ன தர்பூசணியா அம்மணி, தட்டிப் பாத்து எடுக்க?”

சொல்லிவிட்டுத் தர்லோ பாஸ்கின் தாமே சிரித்தார். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருந்த அந்தச் சிற்றூரில், வார நாட்களில் அவர் காப்பீட்டு முகவர். சனிக்கிழமைகளில், பழங்கால உடையணிந்து இரும்புத் தகடுகளைச் சுட்டு விளையாடும் மன்றத்தின் தலைவர். அங்கே ஆளுக்கொரு புனைபெயர் உண்டு. அவருடையது ‘ஷெரிஃப் கருந்தேள்’. அன்று வியாழக்கிழமைதான். ஆயினும் காலணியில், குதிரையைக் குத்தி விரட்டும் குதிமுள் மாட்டிக்கொண்டே துப்பாக்கிக் கடைக்கு வந்திருந்தார். அவரிடம் குதிரை இருந்ததே இல்லை.

வெர்னா கண்ணைத் திறக்கவில்லை. “அடுத்ததைக் குடுங்க, மர்லிஸ்.”

கடைக்காரி மர்லிஸ் இரண்டாவது ரைஃபிளின் லீவரைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு நீட்டினாள். “பழைய மாடலோட நகல்தான். பித்தளை உடம்பு. சின்னத் தோட்டா, தோள்ல உதைக்காது. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பாதிப் பேர் இதைத்தான் எடுக்கறாங்க.”

“குழல் உருண்டையா இருக்கே. எட்டுப்பட்டையா வேணும். தோள்ல வைக்கற கட்டையோட பின் தகடு பிறை மாதிரி உள்ள வளைஞ்சிருக்கணும். இல்லேன்னா அப்பா ஒரு தடவை தடவிட்டு ‘இது வேற’ன்னு திருப்பிக் குடுத்துடுவார்.”

“அவருக்குக் கண்ணு...?”

“வெளிச்சம் தெரியுது. கிட்ட இருந்தா உருவம் தெரியுது. டாக்டர் கொடுத்த கெடு கோடை முடியறவரைக்கும்தான். வறட்சி வருஷத்துல மாடு கன்னோட அவர் துப்பாக்கியும் ஏலத்துல போச்சு. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷமா வேற எதையும் தொடலை. முழுசா இருட்டறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, தான் சுட்ட தகடு ‘டிங்’குனு அடிக்கறதைக் கேக்கணுமாம். சனிக்கிழமை கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு இந்தப் பொம்மையா?” என்றார் தர்லோ. “எப்படித் தடவினாலும் நகல் நகல்தான் அம்மணி. இத்தாலியில எவனோ மெஷின்ல கடைஞ்சு அனுப்பினது. இதுல ரத்தம் இருக்கா? வரலாறு இருக்கா? அசல்னா என்னன்னு காட்டறேன், பாருங்க.”

மர்லிஸ் பெருமூச்சு விட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

அவர் தம் தோலுறையைப் பிரித்து ஒரு ரைஃபிளை மேசைமேல் கிடத்தினார். லீவரைத் திறந்து காட்டவில்லை. வெர்னாவே திறந்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, பிறகுதான் கையிலெடுத்தாள்.

“ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்து நாலு! அசல் ஷெரிஃப் ஒருத்தர் வச்சிருந்தது. கட்டையோட அடிப்பக்கம் பாருங்க. ஏழு வெட்டு. ஏழு வெட்டுன்னா ஏழு பிணம்!”

அந்த எழுவர், அவர் கதையில், வசந்த காலத்தில் குதிரைத் திருடர்கள்; இலையுதிர் காலத்தில் வங்கிக் கொள்ளையர்கள்; சுதந்திர நாள் விருந்தில் மட்டும் இரண்டும். தொழில் மாறுமேயன்றித் தொகை மாறியதில்லை.

வெர்னா மறுபடியும் கண்ணை மூடினாள். கட்டைவிரல் வெட்டு வெட்டாக நகர்ந்து, ஐந்தாவதில் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

“இதை விப்பீங்களா?” குரல் தாழ்ந்திருந்தது.

“உங்க பண்ணையையே வித்தாலும் கட்டாது. அதுவும் இல்லாம, இதெல்லாம் அருமை தெரிஞ்சவன் கையில இருக்கணும். இதை ஏலத்துல விட்ட மடையனுக்கு என்ன விக்கறோம்னே தெரியலை. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா?”

வெர்னா அந்த ரைஃபிளை, உறங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசையில் வைத்தாள்.

“சரி. மூணாவது நகல், எட்டுப்பட்டைக் குழல், அதை எடுத்துக்கறேன் மர்லிஸ். ஒரு முக்கோண அரம் இருந்தா குடுங்க.”

படிவங்களில் கையெழுத்திட்டாள். பிறகு புதுத் துப்பாக்கியைக் கவிழ்த்து வைத்து, கட்டையின் அடிப்பக்கத்தில் அராவத் தொடங்கினாள். ஒரு வெட்டு. இரண்டு.

“அடேங்கப்பா!” தர்லோ கைதட்டினார். “இன்னும் ஒரு தகர டப்பாவைக்கூடச் சுடலை, அதுக்குள்ள ரெண்டு கொலையா? ஜோடனைக்கும் ஒரு அளவு வேணாமா, அம்மணி?”

குதிமுள் மாட்டியவர் சொன்னார். மர்லிஸ் அந்தக் குதிமுள்ளைப் பார்த்தாள்.

மூன்று. நான்கு. ஐந்தாவதை வெர்னா வேண்டுமென்றே சாய்த்து அராவினாள். பிறகு ஆறும் ஏழும் நேராக.

தர்லோ குனிந்து பார்த்தார். தம் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார்.

“அஞ்சாவது... என்னோடதுல இருக்கற மாதிரியே கோணலா வெட்டியிருக்கீங்க. எதுக்கு?”

“அது ஓப்பல் அத்தை.” வெர்னா மரத்தூளை ஊதினாள். “ஒரு குழந்தை பொறந்தா எங்க தாத்தா வானத்தைப் பாத்து ஒரு வெடி வெடிப்பார், கட்டையில ஒரு வெட்டு வெட்டுவார். நாலு பையனுக்கு அப்புறம் முதல் பொண்ணு. சந்தோஷத்துல கொஞ்சம் அதிகமா ஊத்திக்கிட்டார். கை கோணிடுச்சு.”

தர்லோவின் குதிமுள் ஒரு முறை தானாகக் கிணுகிணுத்தது.

வெர்னா துப்பாக்கியை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனாள். திரும்பினாள்.

“உங்க ஷெரிஃப் சுட்டுக் கொன்னாரே, அந்த ஏழாவது ஆள் சனிக்கிழமை காலையில வரார். முன்னாடி ஒரு நாற்காலி போட்டு வைங்க.”