உள்பக்கத் தாழ்ப்பாள்

முனியசாமி ராமநாதபுரத்தில் பஸ் ஏறித் தொண்டிக்கு வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இரண்டே கம்ப்யூட்டர், நடுவில் ஒரு ஒயர். அதற்கு மூன்று நடை என்றால் யாருக்குத்தான் சலிக்காது?

“இன்னைக்கும் சரியாகலைன்னா உங்க முதலாளிகிட்டச் சொல்லி வேற ஆளை அனுப்பச் சொல்லிருவேன்,” என்றார் ரத்தம், சளி பரிசோதிக்கும் அந்த லேப்பின் உரிமையாளர் சேதுராமன். உத்தரகோசமங்கைக்காரர். பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏசி காத்து ஒத்துக்கல. சரி, பாருங்க. உள்ளறையில டெஸ்ட்டு பண்ற லீமாரோஸ், அங்கன இருந்து முன்னறை கம்ப்யூட்டரைத் திறந்தா திறக்குது. முன்னறையில இருந்து உள்ளறை கம்ப்யூட்டரைத் திறந்தா மட்டும் வர மாட்டேங்குது. இது என்ன ஒருவழிப் பாதையா?”

முன் மேசையில் இருந்த பாண்டியம்மாள் சேர்ந்துகொண்டாள். “ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அந்தப் புள்ள கவர்ல ஒட்டித் தூக்கிட்டு வருது தம்பி. நான் எதுக்கு இங்கன கம்ப்யூட்டரு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்?”

“வேணும்னே பண்றாளோன்னு சந்தேகம். அப்படி மட்டும் இருந்தா இன்னையோட சீட்டைக் கிழிச்சிருவேன்,” என்றார் சேதுராமன்.

முனியசாமி உள்ளறைக்குப் போனான். ஒயரில் குறை இல்லை. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அவனே எடுத்துவிட்ட ஃபயர்வால், லீமாரோஸின் கம்ப்யூட்டரில் மறுபடியும் போடப்பட்டிருந்தது. வீட்டுக்குள் இருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரிதான் அது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது.

தாழ்ப்பாள் தானாக விழாதே!

“அக்கா, நீங்கதான் போடுறீகளா?”

“ஆமா தம்பி.” மைக்ராஸ்கோப்பில் இருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஏன்க்கா என்னைய இப்படி அலைய விடுறீக?”

“பாண்டியம்மாக்கா கூப்பிடுறதைக் கேளுங்க.”

“பெரியபட்டினம் கனி! வந்து வாங்கிக்க!” என்று முன்னறையில் இருந்து குரல் வந்தது. ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் ஊரையும் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம்.

“கவர் ஒட்டியிருக்கதால அந்தக்கா பேரோட நிக்கிது. கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா முடிவையும் சேத்து வாசிச்சிரும். கெட்ட மனசு இல்ல தம்பி, பழக்கம். இங்கன வர்ற சனம் ஊரு ஊரா ஒரே பஸ்ல வருது. சித்திரையில ஒரு பொண்ணுக்கு டிபின்னு சத்தமா வாசிச்சிருச்சு. அந்தப் பொண்ணு வீடு போயிச் சேருறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு, பேசி வச்ச கல்யாணம் நின்னுபோச்சு.”

“சார்கிட்டச் சொல்லலாம்ல?”

“சொன்னேன். நோயில என்ன வெக்கம், மறைக்கிறதுதான் தப்புன்னுட்டாரு.”

முனியசாமி மவுஸைக் கையில் எடுத்தான். “இதைச் சரி பண்ணலைன்னா எனக்கும் வேலை போயிரும்க்கா.”

“தெரியுது. எடுத்துவிடுங்க.”

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்துவிட்டான்.

முன்னறை பெஞ்சுகளில் இருபது பேராவது காத்திருந்தார்கள்.

“சரியாயிருச்சு சார்.”

“என்ன கோளாறு?”

“ஃபயர்வால் போட்டிருந்துச்சு.”

“யாரு போட்டது?”

முனியசாமி பையைத் திறந்து எதையோ தேடினான். பின்னாலேயே வந்திருந்த லீமாரோஸ், “நான்தான் சார்,” என்றாள்.

“நினைச்சேன்! நாளையில இருந்து நீ வர வேண்டாம். பாண்டியம்மா, வேலை செய்யுதான்னு ஒண்ணைத் திற.”

“சார், இப்ப வேண்டாம் சார். இவுக எல்லாரும் போகட்டும்.”

“ஏன்? இவ்வளவு நாளா என்னத்தை ஒளிச்சு வச்சிருந்த? எல்லாரு முன்னாடியும் திறக்கட்டும். இங்க மறைக்க என்ன இருக்கு?”

லீமாரோஸ் வாயைத் திறந்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

பாண்டியம்மாள் பட்டியலில் கைக்கு வந்த ஒன்றைத் திறந்தாள். திறந்த கையோடு வாயும் திறந்துகொண்டது. “உத்தரகோசமங்கை சேதுராமன்! வயசு அம்பத்திரெண்டு! சளி டெஸ்ட்டு...”

சேதுராமனின் கை பாய்ந்து வந்து திரையை மூடியது. கையில் இருந்த துண்டும் அதன்மேல் விழுந்தது. பாண்டியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

“அந்த ஊர்க்காரவுக யாரும் வரலையேம்மா!” என்றார் பெஞ்சில் ஒருவர்.

சேதுராமனுக்குக் குரல் இறங்கிவிட்டது. “தம்பி... அதைப் பழையபடியே போட்டுவிட்டுருங்க.”

முனியசாமி போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். மூன்று நடையும் வீண். ஆனால் இந்தத் தடவை அவனுக்குக் கோபம் வரவில்லை.

சேதுராமன் உள்ளறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். “ரெண்டு மாசமா என் ரிப்போர்ட்டு இதுக்குள்ளதான் கிடந்திருக்கு. எனக்கு அந்த நினைப்பே இல்லம்மா. வேலையை விட்டு நிப்பாட்டுறேன்னு சொன்னப்பக்கூட, அதுல உங்களுதும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

லீமாரோஸ் அடுத்த கண்ணாடித் தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

“சுத்தி ஆளுக இருந்தாகளே சார்.”